அந்தமான் நிக்கோபார் தீவுகளைக் கடலடியிலிருந்து கட்டியெழுப்புதல்: பள்ளி மாதிரிக்கு ஒரு வழிகாட்டி

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாதிரியைச் செய்து வரச் சொன்னால் நம் பக்கத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான் கிடைக்கிறது. தெர்மாகோல் பலகைக்கு நீல வண்ணம் பூசி, அதன்மேல் பச்சைக் களிமண் உருண்டைகளை வரிசையாக ஒட்டி, குண்டூசியில் பெயர்ச்சீட்டுகளைக் குத்தி வைத்திருப்பார்கள். ஈரோட்டுப் பக்கம் புவியியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்ய வைத்தேன். கண்காட்சியன்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, இந்தத் தீவெல்லாம் தண்ணில நகந்து போகாம எப்படிங்க நிக்குது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. தீவுகள் கடலின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டவை என்று எங்கள் மாதிரியே அவளுக்குச் சொல்லியிருந்தது. அதன் பிறகு இந்த மாதிரியை எப்போது செய்தாலும் கடலின் அடியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த முறையை ஆசிரியர்களும் பெற்றோரும் பின்பற்றும்படி இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் தெற்கே கடலுக்குள் இறங்கி, நீருக்கடியிலேயே நீண்டு சென்று, சுமத்ராவில் மீண்டும் பெருநிலமாக எழுகிறது. இடையில் அந்தத் தொடரின் முகடுகள் எங்கெல்லாம் நீருக்கு மேல் தலைகாட்டுகின்றனவோ, அங்கெல்லாம் நாம் அவற்றைத் தீவுகள் என்கிறோம். சிவன்மலை, சென்னிமலைப் பக்கத்து நிலம் முழுவதையும் வெள்ளம் மூடிவிட்டதாக வைத்துக்கொண்டால் கரடுகளின் தலைகள் மட்டும் வெளியே தெரியுமல்லவா, பிள்ளைகளிடம் அந்தக் காட்சியை முதலில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடிப்பலகையாக ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒட்டுப்பலகை போதும். நீளப்பக்கம் வடக்கு தெற்காக அமையட்டும். பலகையில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 5 கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள். இந்தத் தீவுகள் இருக்கும் இடத்தில் ஒரு பாகை அட்சமும் ஒரு பாகை தீர்க்கமும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் என்பதால், இரண்டுமே பலகையில் 22 சென்டிமீட்டராக அமைந்துவிடுகின்றன. சிறுபிள்ளைகளுக்கும் கணக்கு எளிதாகிறது. வட அட்சம் 14 பாகையிலிருந்து 6 பாகை வரை 176 சென்டிமீட்டரும், கிழக்குத் தீர்க்கம் 92 பாகையிலிருந்து 94½ பாகை வரை 55 சென்டிமீட்டரும் ஆகும். பலகையில் ஓரங்களுக்குச் சிறிது இடம் விட்டு இவை சரியாகப் பொருந்தும்.

பலகையைச் சுற்றி நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள சட்டத்தை அடித்து, அதன் மேல்விளிம்பில் பாகைக்கு ஓர் ஆணி வீதம் அறைந்து, ஆணிக்கு ஆணி நைலான் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டும். இந்த நூல் வலை இரண்டு வேலை செய்கிறது. அட்ச தீர்க்கக் கோடுகளாக இருந்து எந்தத் தீவு எங்கே என்று அளந்து வைக்க உதவுகிறது. கடல்மட்டம் எது என்பதையும் அதுவே காட்டுகிறது. நூலுக்குக் கீழே இருப்பதெல்லாம் கடலடி. நூலைத் தாண்டி எழுவது மட்டுமே தீவு. அடிப்பலகை கடல்மட்டத்துக்கு 2,500 மீட்டர் கீழே இருப்பதாகக் கொண்டால், செங்குத்து அளவில் 1 சென்டிமீட்டர் என்பது 250 மீட்டராகிறது.

கிடைமட்டத்துக்கு ஓர் அளவும் செங்குத்துக்கு இன்னோர் அளவும் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள்; அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். இந்த ஆட்சிப்பகுதியின் மிக உயர்ந்த இடமான வட அந்தமானின் சேடில் சிகரம் 732 மீட்டர்தான். கிடைமட்ட அளவையே உயரத்துக்கும் பயன்படுத்தினால் அது ஒன்றரை மில்லிமீட்டர் மேடாக, விரல்நுனிக்குக்கூடத் தட்டுப்படாமல் போகும். ஆகவே உயரத்தை இருபது மடங்கு மிகைப்படுத்துகிறோம். இப்போது அது கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். ஆனால் அந்த மிகைப்படுத்தலைப் பலகையின் மூலையில் எழுதி வைக்காவிட்டால், அத்தீவுகள் ஊசிமலைகள் நிறைந்தவை என்ற தவறான எண்ணம் பதிந்துவிடும். அருகிலேயே பத்தரை சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு குச்சியை நட்டு, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா இதே அளவில் இவ்வளவு இருக்கும் என்று காட்டுங்கள். வானம் தெளிந்த நாளில் நீலமலையைத் தொலைவிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு குச்சி போதும்.

அடுத்தது கடலடி மலைத்தொடர். பொள்ளாச்சிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் தேங்காய் மட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, இடைவெளிகளில் தென்னைநார்க் கழிவைத் திணித்துச் சணல் கயிற்றால் இறுகக் கட்டினால் உறுதியான, எடை குறைந்த முதுகெலும்பு ஒன்று கிடைக்கும். அதை நேர்க்கோடாக வைத்துவிடக் கூடாது. மேற்கு நோக்கிப் புடைத்த வில்லைப் போல வளைக்க வேண்டும். வளைவுக்கான புள்ளிகளை நூல் வலையிலிருந்து அளந்துகொள்ளலாம். 14 பாகைக் கோட்டிலிருந்து தெற்கே 18 சென்டிமீட்டரிலும் 92 பாகைக் கோட்டிலிருந்து கிழக்கே 22 சென்டிமீட்டரிலும் சேடில் சிகரம் வரும். இவ்வாறே தெற்கே 51, கிழக்கே 16½ என்ற இடத்தில் தலைநகரமும், 73, 11 என்ற இடத்தில் சிறிய அந்தமானும், 106, 17 என்ற இடத்தில் கார் நிக்கோபாரும், 132, 33 என்ற இடத்தில் நான்கௌரித் தீவுக்கூட்டமும், 154, 40 என்ற இடத்தில் பெரிய நிக்கோபாரின் நடுப்பகுதியும் அமையும். போர்ட் பிளேர் என்று நாம் படித்த தலைநகரத்துக்கு 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர்ச்சீட்டில் இரண்டையும் எழுதுவது நல்லது, ஏனெனில் பிள்ளைகள் கையிலுள்ள பழைய தேசப்படங்களில் முதற்பெயரே இருக்கும்.

இந்த வில் எப்படி உருவானது என்பதை விளக்க நம் களத்தைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. காய்ந்த சோளத்தைப் பலகையால் தள்ளிக் கூட்டும்போது பலகைக்கு முன்னால் தானியம் மடிந்து மடிந்து வரப்பாகக் குவிகிறதல்லவா? அதுபோலவே, பூமியின் மேலோட்டுப் பெரும்பாளங்களுள் ஒன்றான இந்தியப் புவித்தட்டு மேற்கிலிருந்து வந்து பர்மாத் தட்டுக்கு அடியில் அமிழ்ந்து செல்கையில், அதன் முதுகிலிருந்த கடலடிப் படிவுகள் சுரண்டப்பட்டு, கிழக்கிலுள்ள தட்டின் விளிம்பில் மடிப்பு மடிப்பாகக் குவிந்தன. அந்தமானில் மணற்கல்லும் களிப்பாறையும் மிகுந்திருப்பதற்கும், அவற்றினூடே பழைய கடற்றரையின் கருமையான பாறைத் துண்டுகள் காணப்படுவதற்கும் இதுவே காரணம். நம் ஊர்க் கரடுகளின் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமை உடையவை. அந்தமான் பாறைகளில் மிகப் பழையவைகூட ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவையே. ஊரில் பொறுக்கிய கல் ஒன்றைப் பலகைக்கு அருகில் வைத்து, அந்தத் தீவுகளைவிட இந்தக் கல் எத்தனையோ மடங்கு மூத்தது என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் அதைக் கையிலெடுக்கும் விதமே மாறிவிடும்.

தட்டு அமிழும் இடத்தைக் காட்ட, பலகையின் மேற்கு விளிம்பை ஒட்டி அகழியாக ஒரு பள்ளத்தை விட்டுவிட வேண்டும். கிழக்குப் பக்கம் அந்தமான் கடல். அது மலைத்தொடருக்குப் பின்னால் தரை விரிந்து பிளந்ததால் உண்டான ஆழ்கடல். அதன் மிக ஆழமான பகுதிகள் நம் அடிப்பலகையின் அளவையும் மீறிச் செல்வதால், அங்கே பலகைக்குக் கருநீல வண்ணம் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மட்டை முதுகெலும்பின்மேல் பூச எந்த மண்ணை எடுப்பது என்பதில் நான் பட்ட துன்பத்தைப் பிறர் பட வேண்டாம். கரிசல் மண் கையில் அழகாகப் படியும்; காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிடும். செம்மண் தனியாக நிற்காமல் உதிரும். பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்து இடித்த கூழுடன், ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையும் குளத்து வண்டலையும் கலந்து பிசைந்தால் வெடிப்பில்லாமல் இறுகும். நம் பாட்டிமார் காகிதக்கூழ்க் கூடை செய்த அதே பக்குவம்தான். ஒரே நாளில் தடிமனாக அப்பிவிடாமல் மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மறுநாள் அடுத்த பூச்சைப் பூச வேண்டும்.

பூச்சு நூலின் உயரத்தைத் தொட்டதும் தீவுகளின் வேலை தொடங்குகிறது. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கனமுள்ள அட்டையைத் தேர்ந்தெடுங்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கழியும் அட்டைப்பெட்டிகளில் இந்தக் கனத்தில் தேடினால் கிடைக்கும். ஓர் அட்டை 100 மீட்டருக்குச் சமம். தேசப்படத்திலுள்ள சமஉயரக் கோடுகளைப் பெரிதாக்கி வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அட்டையை வெட்டி அடுக்கினால், சேடில் சிகரத்துக்கு ஏழு அட்டைகள் வரும். பெரிய நிக்கோபாரில் 642 மீட்டர் உயரமுள்ள துலியர் மலைக்கு ஆறு அட்டைகளும் மேலே சிறிது கூழும் தேவைப்படும். கார் நிக்கோபாருக்கு ஒன்றுகூட வேண்டாம். அது பவளச் சுண்ணாம்பின் மேல் அமைந்த தட்டையான தீவு. நூல் மட்டத்துக்குச் சற்று மேலே கூழை வழித்துவிட்டால் போதும். எல்லாத் தீவையும் கூம்பாகச் செய்வதுதான் மாதிரிகளில் நான் மிகுதியாகக் காணும் பிழை.

வட, நடு, தென் அந்தமான்களுக்கும் நடுவிலுள்ள பாராடாங்கிற்கும் தனித்தனி உருண்டைகள் செய்ய வேண்டாம். அவை ஏறக்குறைய ஒரே நிலமாக நீண்டு கிடக்கின்றன. ஆஸ்டின், ஹோம்ஃப்ரே, அந்தமான் நீரிணைகள் எனப்படும் குறுகிய உப்பங்கழிகளே அவற்றைப் பிரிக்கின்றன. ஒரே நீளமாகச் செய்து, ஈரம் காய்வதற்குள் கத்தி முனையால் கீறிவிடுவதே சரியான முறை. அந்தமான் தீவுகளின் சராசரி அகலம் 24 கிலோமீட்டர், அதாவது பலகையில் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. முதன்மையான மலைமுகடு கிழக்குக் கரையை ஒட்டிச் செல்வதால் கிழக்குச் சரிவைச் செங்குத்தாகவும் மேற்குச் சரிவைப் படிப்படியாகத் தாழ்வதாகவும் வழியுங்கள்.

சிறிய அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையில் உள்ளது பத்துப் பாகைக் கால்வாய். கால்வாய் என்ற சொல் நம் பிள்ளைகளுக்குக் காலிங்கராயனையும் கீழ்பவானியையும் நினைவூட்டும். ஆகையால் இது வெட்டிய வாய்க்கால் அன்று, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள கடற்பரப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து சேலம் வரை நேர்க்கோட்டில் செல்லும் தொலைவு ஏறக்குறைய அவ்வளவே. மாதிரியில் 30 சென்டிமீட்டருக்கு மலைத்தொடரைத் தாழ்த்தி நூலுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆனால் அறுத்துவிடக் கூடாது. இந்த இடத்தில் முதுகெலும்பு அறுபடாமல் ஓடுவதைக் குனிந்து பக்கவாட்டில் பார்க்கும் பிள்ளைக்கு, அந்தமானையும் நிக்கோபாரையும் ஏன் ஒரே வரிசையாகக் கருதுகிறோம் என்பது சொல்லாமலே விளங்கும். தென்பகுதித் தீவுகளைத் தமிழர் அறிந்தது நேற்றல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவற்றை "தேனக்க வார்பொழில் மாநக்க வாரமும்" என்று குறிப்பிடுகிறது. கார் நிக்கோபாரின் சீட்டில் நக்கவாரம் என்ற அந்தப் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்வது என் வழக்கம்.

எரிமலைகள் இரண்டும் இந்த முதுகெலும்பின்மேல் இல்லை. அதற்குக் கிழக்கே தனி வரிசையில் உள்ளன. அமிழ்ந்த தட்டு போதிய ஆழத்தை அடைந்த பிறகே அதற்கு மேலுள்ள பாறை உருகி எழுவதால், எரிமலைகள் அகழியிலிருந்து தள்ளியே தோன்றுகின்றன. நார்கொண்டம் தெற்கே 12½, கிழக்கே 50 சென்டிமீட்டரிலும், பேரன் தீவு தெற்கே 38, கிழக்கே 41 சென்டிமீட்டரிலும் வரும். நார்கொண்டம் அடங்கிய எரிமலை. 710 மீட்டர் உயரமுள்ளது. பேரன் தீவு இந்தியாவில் இன்றும் கனன்றுகொண்டிருக்கும் ஒரே எரிமலை. அதன் வெடிப்பு முதன்முதலாகப் பதிவானது 1787இல். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் வெடித்தது. கடலுக்கு மேல் அது 354 மீட்டர்தான். ஆனால் அதன் அடிவாரம் கடல்மட்டத்துக்கு 2,250 மீட்டர் கீழே உள்ளது. மாதிரியில் நூலுக்குக் கீழே 9 சென்டிமீட்டரும் மேலே ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். அளந்து முடித்தபின் தொட்டபெட்டாக் குச்சியைப் பிடுங்கி அதன் அருகில் வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். இந்த ஒப்பீடு எனக்கு முதன்முதலில் புலப்பட்ட நாளில் நானே திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பாராடாங்கிலுள்ள சேற்று எரிமலைகளுக்குச் சிறிய சாம்பல் நிறப் பொட்டுகள் போதும். அவற்றில் நெருப்புக் குழம்பு வருவதில்லை, நிலத்தடி வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தைக் காட்டாமல் இந்த மாதிரி நிறைவு பெறாது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்குத் தட்டெல்லை விட்டுக்கொடுத்தபோது, வட அந்தமானின் மேற்குக் கரை மேலெழுந்து பவளப்பாறைகள் காற்றில் காய்ந்தன. தென் அந்தமானின் தலைநகர்ப் பகுதியும் நிக்கோபார்த் தீவுகளும் தாழ்ந்தன. தலைநகருக்கு அருகிலுள்ள சிப்பிகாட் என்ற ஊரின் நெல்வயல்களில் உப்புநீர் புகுந்து நின்றுவிட்டது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை 4¼ மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. எத்தனையோ குடும்பங்களின் நிலம் ஒரே காலையில் கடலானது. அந்த 4¼ மீட்டர் நம் அளவில் மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்குகூட இராது என்பதால் செதுக்கிக் காட்ட முடியாது. உயர்ந்த கரைகளுக்குச் சிவப்பு நூலும் தாழ்ந்த கரைகளுக்குக் கருப்பு நூலும் ஒட்டிக் காட்டலாம். கோயம்புத்தூரை 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நிலநடுக்கம் உலுக்கியது என்பதையும் இங்கே சொல்லலாம்; நிலம் அசையாப் பொருள் என்ற எண்ணம் நம்மிடமும் சற்றுத் தளர வேண்டும்.

எல்லாம் உலர்ந்த பின், நம் ஊர்களின் அட்சங்களுக்கு மஞ்சள் நூல் கட்டுவது பிள்ளைகள் மிகவும் விரும்பும் வேலை. 14 பாகைக் கோட்டிலிருந்து 52 சென்டிமீட்டரில் கட்டும் சேலத்தின் நூல் தலைநகரத்தை ஒட்டிச் செல்லும். ஈரோட்டின் நூல் 59 சென்டிமீட்டரில் ரட்லண்டுத் தீவின் தெற்குப் பக்கத்தையும், கோயம்புத்தூரின் நூல் 65½ சென்டிமீட்டரில் டங்கன் நீரிணையையும் கடக்கும். ஒரே அட்சம், ஒரே வெயில். ஆயினும் ஈரோட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்ய, அங்கே 3,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்ள, பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்குக் காற்றுதான் மிகுதியாக வருகிறது. தீவுகளுக்கு முன்னால் அப்படி மறைக்கும் மலை எதுவுமில்லை. வடகிழக்குப் பருவமும் அங்கே கடலைக் கடந்து ஈரத்தோடு வருவதால், மே முதல் டிசம்பர் வரை மழைக்காலம் நீள்கிறது.

இவ்வளவு மழை பெய்தும் பேராறு ஒன்றும் இல்லையே என்ற கேள்விக்கு விடையை மாதிரியே சொல்லும். தீவுகளுக்குப் பச்சை எண்ணெய் வண்ணம் இரண்டு பூச்சு பூசி, நன்கு உலர்ந்தபின் பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். முகட்டில் விழுந்த நீர் இருபுறமும் நொடியில் நூல் மட்டத்துக்கு இறங்கிவிடும். ஆறாக வளர அதற்கு நிலமே போதாது. வெள்ளியங்கிரியில் தோன்றிக் காவிரியைச் சேரும் நொய்யல் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடுகிறது, நம் அளவில் 36 சென்டிமீட்டர். சேடில் சிகரத்தின் பக்கம் தோன்றி வடக்கே ஓடும் கல்போங் ஆற்றுக்கு 7 சென்டிமீட்டர்தான் கிடைக்கிறது. அதையும் பெரிய நிக்கோபாரின் கலாத்தியா ஆற்றையும் நீலக் கோடாக வரைந்தால் போதும்.

தெளித்த நீர் உடனே வடியாமல் கழிகளின் உட்புறத்திலும் கரையின் மடிப்புகளிலும் தேங்கி நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வண்டல் படிந்து அலை அடங்கிய அத்தகைய இடங்களில்தான் அலையாத்திக் காடுகள் வளர்கின்றன. அங்கே பசை தடவி, உலர்த்திப் பொடித்த முருங்கை இலையைத் தூவ வேண்டும். பவளம் இதற்கு நேர்மாறானது. கலங்கல் நீரில் அது மூச்சுமுட்டி மடிந்துவிடும். வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழம் குறைந்த நீர் அதற்கு வேண்டும். ஆகவே கழிமுகங்களைத் தவிர்த்து, கரைக்கு வெளியே, நூலுக்கு ஒரு நூலிழை கீழே, கோலமாவைப் பசையில் குழைத்து மெல்லிய வெண்கோடாக இழுத்துக்கொண்டே தீவைச் சுற்றி வாருங்கள். ஆறு கடலில் சேரும் இடம் வந்ததும் கையை எடுத்து, அதைத் தாண்டி மீண்டும் தொடங்குங்கள்.